கருவுள்ள முட்டை

முட்டை அலமாரி பேசும். அதுதான் பிரச்சினை.

அரிசி அலமாரி பேசாது. சோப்பு அலமாரி பேசாது. முட்டையில் மட்டும் வகை பெருகிவிட்டதால் கடைக்காரர்கள் அதற்கு ஒரு குரல் பொருத்தியிருக்கிறார்கள். நல்ல குரல்தான். கடன் வேண்டுமா என்று மதிய நேரத்தில் போன் செய்வார்களே, அந்தக் குரல்.

"வணக்கம். உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"ரெண்டு."

"மகிழ்ச்சி. கணவன், மனைவியா?"

"மாமியார்."

"உங்கள் மனைவியும் மாமியாருமா?"

"நானும் மாமியாரும்."

அலமாரி உள்ளுக்குள் எதையோ தேடியது.

"அப்படியொரு குடும்ப வகை என்னிடம் இல்லை. 'மற்றவை' என்று பதிந்துகொள்ளட்டுமா?"

"பதிஞ்சுக்க."

பக்கத்தில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்த ரெஹானா சிரித்தாள். கடையின் மேற்பார்வை அவளுடையது. என் மனைவி நறுமுகையோடு பள்ளியில் படித்தவள். அதனால் எனக்கு அண்ணா பட்டம்.

"அதுகிட்டப் போயி எதுக்குண்ணா உண்மையச் சொல்றீங்க? நான் ஏழு கொழந்தைன்னு சொல்லி வெச்சிருக்கேன். தள்ளுபடியாக் குடுக்குது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பொய் சொல்ல வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். நான் அப்போது யோசிப்பதை விட்டிருந்தேன். நறுமுகை இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மூளையில் ஒரு ரத்தக் குழாய். காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். நான் அழவுமில்லை, அதன்பிறகு சிரிக்கவுமில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்து இருக்குமே, அப்படி ஆள் முழுக்க இருந்தேன். என் பெயர் மகிழன். அந்த வருடம் அதைச் சொல்லி யாரும் கிண்டல் செய்யவில்லை.

அலமாரியைப் பார்த்தேன். வெள்ளை மட்டும். இரட்டை மஞ்சள். இதயத்துக்கு இதமானது. ஜிம்முக்கு. சிவப்பு ஓடு. புள்ளி ஓடு. ஓடே இல்லாமல் உறையில் ஊற்றியது. எல்லாவற்றின் மேலும் பச்சைப் புள்ளி. கோழி சம்பந்தப்படாத முட்டை சைவம். புரட்டாசியில்கூட விற்பனை குறைவதில்லை.

என்னைக் கடைக்கு அனுப்பும்போதெல்லாம் நறுமுகை வாசல்வரை வந்து ஒன்றைச் சொல்வாள். "கரு இருக்கான்னு பாத்து வாங்குங்க." கல்யாணமான புதிதில் ஒருமுறை வெள்ளை மட்டும் உள்ள பெட்டியை வாங்கிவந்துவிட்டேன். ஆஃப்பாயில் போட உடைத்தவள் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். "கருப் பிரிவுல வேலை பாக்கறவரு கரு இல்லாத முட்டையை வாங்கிட்டு வந்திருக்காரு. ஊர்ல சொன்னாச் சிரிப்பாங்க." ஊரில் சொன்னாள். சிரித்தார்கள்.

நான் கருப் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன். நாமக்கல்லில் இப்போது கோழி முட்டையிடுவதில்லை, ஆலை இடுகிறது. ஈஸ்ட் போன்ற ஒரு நுண்ணுயிரைப் பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்தால், முட்டைக்குள் இருப்பதையெல்லாம் அது செய்து தந்துவிடும். எங்கள் ஆலையில் வெள்ளைப் பிரிவு, கருப் பிரிவு என்று இரண்டு. மஞ்சளின் நிறமும் கெட்டித்தன்மையும் என் பொறுப்பு. ஓட்டல்களுக்கு வாளி வாளியாக அனுப்புகிறோம். ஓட்டோடு செய்வது வேறு ஆலைகள். நறுமுகைக்கு ஓடு வேண்டும். "ஒடையற சத்தம் கேக்கலைன்னா அது முட்டையா, கஞ்சியா?" என்பாள்.

கீழ்த்தட்டில் புதிதாக ஒரு பெட்டி இருந்தது. ஆறு முட்டை. மேலே கொட்டை எழுத்தில்: 'கருவுள்ள முட்டை'. வேறெந்தப் பெட்டியும் அவ்வளவு தெளிவாக எதையும் சொல்லவில்லை. எடுத்தேன்.

"இந்தப் பொருளைப் பற்றி என்னிடம் தகவல் இல்லை" என்றது அலமாரி.

"நல்லது" என்றேன்.

வீட்டில் அத்தை கதவைத் திறந்து, முதலில் பையைப் பார்த்தார், பிறகு என்னை. என் மாமியார் பெயர் கிருத்திகா. மகள் போனபின் துணைக்கென்று வந்தவர், அப்படியே இருக்கிறார்.

"வாங்கியாச்சா அந்தக் கருமத்தை?"

"நீங்கதான் அத்தை வாங்கச் சொன்னீங்க."

"சொன்னேன். ஆளு ஓணான் மாதிரி ஆயிட்டீங்க, முட்டை தின்னா ஒடம்பு தேறும்னு சொன்னேன். சமைச்சுப் போடறேன்னு சொன்னனா? நான் அதைத் தொட மாட்டேன். நீங்களே வேகவெச்சுக்கோங்க. ஃபிரிட்ஜுலயும் வெக்காதீங்க. அங்க என்ற தயிரு இருக்குது."

பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது. குளிரில் வைக்கக் கூடாது. சமையலறை மூலையில் இன்வெர்ட்டர் பெட்டி இருந்தது. அதன்மேல் வைத்தேன். பக்கத்து மேடையில் அத்தையின் தண்ணீர் மண்பானை.

அலமாரி எங்களை 'மற்றவை' என்று பதிந்ததைச் சொன்னேன். அத்தை இடுப்பில் கைவைத்தார்.

"மத்தவையா? அவளைக் கட்டிக் குடுத்தவ நானு. நான் மத்தவையா?"

"நாம ரெண்டு பேருமே."

"அலமாரிக்கு வந்த வாழ்வு" என்றார்.

அத்தைக்கும் ஆலை முட்டைக்கும் பழைய பகை. மோகனூர் சாலையில் அத்தையும் மாமாவும் கோழிப் பண்ணை வைத்திருந்தார்கள். கொட்டகை கொட்டகையாகக் கோழி. பறவை நோய் வந்த வருடம், ஒரு சனிக்கிழமை, வெள்ளை உடுப்பு போட்டவர்கள் வந்தார்கள். மாலைக்குள் ஒரு கோழி இல்லை. ஊரிலேயே இல்லை. வளர்க்கவும் தடை வந்தது. அத்தை அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசியிருக்கிறார். "அன்னிக்கு ராத்திரிதான் எங்க வீட்டு ஃபேனு சத்தம் போடும்னே எனக்குத் தெரிஞ்சுது." மாமா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் ஆலைக்குத் தொட்டி வந்தது.

அந்த ஆலையிலிருந்துதான் நான் பெண் கேட்டுப் போனேன். "கோழியில்லாம முட்டை போடறவனுக்கா என்ற பொண்ணு?" என்று அத்தை கேட்டாராம். நறுமுகை பிடிவாதம் பிடித்து, நான் ஜெயித்தேன். ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முட்டை போடுற மாப்பிள்ளை.

கோழி போனாலும் பேச்சில் இன்னும் இருக்கிறது. மதியம் கண்ணயர்ந்தால் கோழித்தூக்கம் என்கிறோம். என் கையெழுத்து கோழி கிறுக்கல். யாராவது தப்பாக ஏதாவது செய்தால் அத்தை "கூமுட்டை" என்பார். குஞ்சு பொரிக்காமல் கெட்டுப்போன முட்டைக்கு அந்தப் பெயர் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அது மனிதர்களைத் திட்டுகிற சொல் என்றே நினைத்திருக்கிறார்கள்.

நான் பெட்டியை வாங்கிய அன்றுதான் கத்திரி வெயில் தொடங்கியது. எங்களுடையது மேல் மாடி வீடு. சமையலறையில் நின்றால் அடுப்புக்கு உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று சந்தேகம் வரும். சூரியன் போனபிறகும் மேல்தளம் சூட்டை விடாது. இன்வெர்ட்டர் வேறு தன் பங்குக்குக் கதகதப்பாக முனகிக்கொண்டிருக்கும்.

காலையில் கிளம்பும் முன் முட்டைப் பெட்டியைத் திறப்பேன். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். தண்ணீர் சுடவைக்க வேண்டும். உரிக்க வேண்டும். உப்பு தேட வேண்டும். அப்புறம் தின்னவும் வேண்டும். "வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்ப வைப்பேன். அடுத்ததை எடுப்பேன், அது என்னவோ சுலபமாக இருக்கப் போவதைப் போல. "வேண்டாம்." இப்படி எல்லாவற்றுக்கும் சொல்லி முடித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவேன். மாலை வந்ததும் மறுபடி ஒரு சுற்று.

அத்தை வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னங்க மாப்பிள்ளை, பொண்ணு பாக்கறீங்களா? ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துப்போட்டு வேண்டாம் வேண்டாம்ங்கறீங்க."

"பசிக்கல அத்தை."

"முட்டையையே இப்படித் தட்டிக் கழிச்சா, நாளைக்கு நெசமாலுமே பொண்ணு பாத்தா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்."

"பாருங்க. அதுக்கும் அதே வார்த்தை."

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் விஷயத்தைச் சொன்னார்.

"கத்திரி முடியற அன்னிக்குக் கோபியில தங்கச்சி வீட்டுக்குக் கெளம்பறேனுங்க. அவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கறா. பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டுட்டா."

"எப்ப வருவீங்க?"

"எதுக்கு வரணும்?" ரசப் பாத்திரத்தை மூடினார். "மக இருந்தாத்தான் மாப்பிள்ளை. அவளே போயாச்சு. நான் இங்க யாரு? நான் இந்த வீட்டுல உக்காந்திருந்தா உங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? சின்ன வயசு உங்களுக்கு."

இந்த வீட்டில் நறுமுகையின் பெயரைச் சாதாரணமாகச் சொல்கிற ஒரே ஆள் அத்தைதான். நறு இந்தப் புளியை வாங்க மாட்டா. நறுவுக்கு இந்த ஜன்னலு சாத்துனாப் பிடிக்காது. வருகிறவர்களெல்லாம் அந்தப் பெயரைத் தொடாமல் சுற்றிப் போவார்கள். அத்தை போய்விட்டால் அது போட்டோவுக்குக் கீழே மட்டும் இருக்கும். இது எனக்குத் தெரிந்தது. தெரிந்தது, வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வாய்வரை வரவில்லை.

"சரிங்க அத்தை" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரசம் ஊற்றினார்.

கிளம்புவதற்கு முந்தின நாளே பை தயாராகிவிட்டது. தங்கச்சிக்கென்று கம்பு வாங்கி, புடைத்து, சுத்தம் செய்து, ஒரு துணிப்பையில் கட்டிப் பெரிய பையின் மேலாக வைத்தார். "அவ ஊர்க் கம்பு ஒரே கல்லு" என்றார். பை வாசலுக்கு அருகே உட்கார்ந்துகொண்டது. நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

அன்று மாலை ரெஹானா வந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கியது.

"அண்ணா, அந்த முட்டையத் தின்னுட்டீங்களா?"

"எது?"

"கருவுள்ள முட்டை. ஆறு இருக்குமே."

"இல்ல. அப்படியே இருக்குது."

"ஒண்ணுகூடத் திங்கலையா?"

"வேண்டாம்னு வெச்சுட்டேன்."

"அல்லா காப்பாத்துனான்." ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அது முட்டை இல்லண்ணா."

"பின்னே?"

"முட்டைதான். ஆனா நெசமான முட்டை. கோழி போட்டது."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அத்தை வெளியே வந்தார்.

"என்ன சொன்ன?"

"தடையை எடுத்துட்டாங்கல்லம்மா, வீட்டுக்கு நாலு கோழி வளக்கலாம்னு. நோய் அண்டாத ஏதோ தீவுல பத்திரமா வெச்சிருந்த கோழிங்களாம். பொரிக்க வெக்கறதுக்கு அனுப்புன முட்டை. வெதை, உரம் விக்கற பக்கம் வெக்க வேண்டியது. எங்க அடுக்கற மெஷினு பெட்டியப் படிச்சுது. கருவுள்ள முட்டைன்னு போட்டிருக்குது. கருன்னா மஞ்சக்கருன்னு நெனச்சு, திங்கற முட்டையோட கொண்டுபோய் வெச்சிருச்சு."

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மெஷினு சரி. கருப் பிரிவு எஞ்சினியருக்கு என்ன வந்துச்சு?"

"கருன்னா மஞ்சள்தானே அத்தை."

"கருன்னா உசுருங்க மாப்பிள்ளை."

"எங்க ஆலையில மஞ்சள்."

"ஆலை" என்றார் அத்தை. அந்த ஒரு சொல்லுக்குள் நிறைய வைத்துச் சொன்னார்.

"வாங்குன மத்தவங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே ஆம்லெட் போட்டுட்டாங்க. புதுசா ஒடைச்சா ஒண்ணும் தெரியாதாமே. ருசியா இருக்குது, இன்னொரு பெட்டி குடுன்னு நச்சரிக்கறாங்க. கம்பெனிக்காரங்க மிச்சமிருக்கறதத் திருப்பி வாங்கச் சொன்னாங்க. இத்தன நாளு அடை வெக்காம இந்த வெயில்ல கெடந்திருக்குது. எல்லாம் கூமுட்டையாத்தான் இருக்கும். மூக்கப் பொத்திக்கிட்டுத் தூக்கிட்டுப் போயிடறேன்."

சமையலறைக்குப் போய்ப் பெட்டியில் கைவைத்தாள். வைத்த வேகத்தில் கையை எடுத்தாள்.

"அண்ணா. உள்ள யாரோ இருக்காங்க."

நாங்கள் போய் நின்றோம். சன்னமாக, ஓட்டுக்குள்ளிருந்து, கீச் என்றது.

அத்தை அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மடியில் வைத்துக் காதைக் கொடுத்தார். மறுபடி கீச். வேறொரு முட்டையிலிருந்து அதற்குப் பதில்.

"அத்தனை கோழி வெச்சிருந்தனே" என்றார். "ஒரு குஞ்சு பொரிச்சுப் பாத்ததில்லீங்க மாப்பிள்ளை. குஞ்சு லாரியில டப்பாவுல வரும். முட்டை லாரியில அட்டையில போகும். நடுவுல நானு. நம்புவீங்களா?"

"நெசமாவாம்மா?" என்றாள் ரெஹானா.

"நெசமாத்தான்."

ரெஹானா சுற்றிலும் பார்த்தாள். மேல்தளத்தைப் பார்த்தாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். இன்வெர்ட்டரைத் தொட்டுப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள்.

"சூடு சரி. பானையால ஈரமும் சரி. ஆனா திருப்பி விட்டது யாரு? தெனமும் உருட்டி உருட்டி விடணுமாம், இல்லைன்னா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்குமாம். கம்பெனிக்காரங்க பாடமே எடுத்தாங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அத்தைக்குத் தோளில்தான் முதலில் சிரிப்பு ஆரம்பித்தது. பெட்டி ஆடக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். வேண்டாம், வேண்டாம்னு. அய்யோ. முட்டை போடற மாப்பிள்ளைன்னு ஊரு சொல்லுச்சு. இப்ப அடையும் காத்துப்போட்டாரே!"

ரெஹானா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஊசியின் மதமதப்பு இறங்கும்போது முதலில் உதட்டோரம் குறுகுறுக்கும். அப்படி இருந்தது.

"சரி, எடுத்துட்டுப் போறேன்மா" என்றாள் ரெஹானா கண்ணைத் துடைத்தபடி.

"கையை வெச்சீன்னா ஒடிச்சுப்போடுவேன்."

"கம்பெனிக்கு நான் என்னம்மா சொல்றது?"

"தின்னுட்டாங்கன்னு சொல்லு. ருசியா இருந்துச்சுன்னு சொல்லு."

மறுநாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் முதல் ஓடு உடைந்தது. டக். சின்னச் சத்தம். ஒரு வருடமாக இந்தச் சமையலறையில் கேட்காத சத்தம். நறுமுகை கரண்டி விளிம்பில் தட்டுவாள். இது உள்ளிருந்து தட்டியது. ஓட்டில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. அதன் நடுவில் ஒரு மூக்கு.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. பிடித்திருப்பது அவருக்கே தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

மதியத்துக்குள் நான்கு குஞ்சுகள். ஈரமாக, நோஞ்சானாக வந்தவை காயக் காயப் பந்தாக உப்பின. இரண்டு முட்டை கடைசிவரை அசையவில்லை. அத்தை அவற்றை ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டு கூமுட்டை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுல மொத்தம் மூணு."

செய்தியை ரெஹானா பரப்பினாளா, சுவர்கள் பரப்பினவா தெரியவில்லை. அடுக்குமாடி முழுவதும் எங்கள் வீட்டில் இருந்தது. வாசலில் செருப்புக் குவியல். எதிர்வீட்டுக்காரர் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருவதுபோலச் சர்க்கரை கொண்டுவந்து எல்லாருடைய கையிலும் கொட்டினார். கீழ்மாடி அம்மாள் கண்மைச் சிமிழோடு வந்து நான்கு குஞ்சுகளின் நெற்றியிலும் திருஷ்டிப் பொட்டு வைத்தார். கோழியையே பார்க்காத பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒருவிரலால் தொட்டுவிட்டு, மறுபடி வரிசையின் கடைசிக்கு ஓடினார்கள்.

"இந்தாங்க சார், அப்பாவுக்குத்தான் மொதல்ல தரணும்" என்று எதிர்வீட்டுக்காரர் சர்க்கரையை என்னிடம் நீட்டினார்.

"வேண்டாம்" என்றேன்.

நான்கு குஞ்சுகளும் தலையைத் தூக்கின. தட்டுத் தடுமாறி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, என் காலை நோக்கி ஓடிவந்தன.

எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

"அண்ணா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் ரெஹானா.

மறுகோடிக்குப் போனேன். "வேண்டாம்."

வந்தன.

"ஓட்டுக்குள்ள இருக்கும்போதே காது கேக்குமாம். அம்மா எப்படிக் கூப்பிடுதுன்னு கத்துக்கிட்டுத்தான் வெளிய வருமாம்." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதுகளுக்கு உங்க வேண்டாம்தாண்ணா கொக் கொக்."

வெடித்த சிரிப்பில் குஞ்சுகள் பயந்து என் கால்விரல்களுக்கு நடுவே ஒளிந்தன. அப்போது நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். என்னுடையது துருப்பிடித்த கேட் மாதிரி இருந்தது.

அத்தை குனிந்து கையை நீட்டினார். "பா, பா, பா" என்றார். கொட்டகையில் தீவனம் போடும்போது கூப்பிட்ட குரலாக இருக்க வேண்டும். குஞ்சுகள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். ஒன்றும் இல்லை. அவர் கையை மெல்ல எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

வெயில் இறங்கியதும் கூட்டம் கலைந்தது. ரெஹானா கடைக்குப் போனாள். அத்தை முகம் கழுவி, வேறு புடவை மாற்றி வந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. தண்ணியத் தட்டுல வெய்யுங்க, ஆழமா வெக்காதீங்க. அதுகளுக்கு உங்களைத்தான் தெரியுது. நீங்க பாத்துக்குவீங்க." பையைத் தூக்கினார். கனமான பை. ஒரு தோள் இறங்கியது. "இங்க என்னைத் தேடறதுக்கு ஆளில்ல. அங்க போனாத் தங்கச்சியாவது சண்டை போடுவா. வர்றேனுங்க மாப்பிள்ளை."

அந்த இடத்தில் சொல்வதற்கு ஒரு பதில் உண்டு. சரிங்க அத்தை. ஒரு வருடமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிவந்தேன். வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்."

அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து நான்கும் கத்தின. ஒன்று விளிம்பில் ஏறிக் கவிழ்ந்தது. மற்றவை அதன்மேல் ஏறி வந்தன.

அத்தை வாசற்படியில் நின்றார்.

"இப்ப அதுகளைக் கூப்பிட்டீங்களா, என்னைச் சொன்னீங்களா?"

"ரெண்டும்தான் அத்தை." குரல் எனக்கு அடங்கவில்லை. "போக வேண்டாம். நறு பேரைச் சொல்ல இங்க வேற ஆளில்ல."

சொல்லிவிட்டேன். கன்னம் நனைந்திருந்தது. முழுக் கன்னமும் தெரிந்தது, ஈரமும் உப்பும்.

அத்தை பைப்பிடியை இறுக்கியபடி நின்றார். குஞ்சுகள் என் காலடியில் நெருக்கியடித்தன.

"ஊரு என்னன்னு சொல்லும் நம்மள?" என்றார் கடைசியில்.

"மத்தவைன்னு சொல்லும்."

மூக்கை உறிஞ்சினார். அது சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. அவர் பையைக் கீழே வைத்தார். மேலாக இருந்த துணிப்பையை எடுத்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். கம்பு வாசனை வந்தது.

"இந்தாங்க. மிக்ஸியில ஒரே ஒரு சுத்து. மாவாக்கிப்போடாதீங்க, நொய்யா இருக்கோணும். அப்பத்தான் திங்கும்."

"உங்க தங்கச்சிக்கு எடுத்து வெச்சதாச்சே?"

"அவளுக்கு வேண்டாம்" என்றார் அத்தை.

என் காலடியில் இருந்தவற்றில் ஒரு குஞ்சு தலையைத் திருப்பியது. ஒரு கணம் என்னைப் பார்த்தது, ஒரு கணம் அவரை. பிறகு என்னை விட்டுவிட்டு, அத்தையின் காலை நோக்கி ஓடியது.